இரும்புலியூருக்கு ஒரு பெட்ரோல் பம்ப்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து அந்தப் பொருளை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். உருண்டையான உடம்பு, பித்தளையில் இரண்டு மூக்கு, பின்னால் ஒரு ஒயர். "இது என்னம்மா?" என்றார். காருக்கான பெட்ரோல் பம்ப் என்றேன். எந்தக் கார் என்று கேட்டார். பழைய இங்கிலீஷ் மைனர் கார் என்றேன். "அது இன்னும் ஓடுதா?" "ஓடலை. அதுக்குத்தான் இது." சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் என்னிடம் நேருக்கு நேராகப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் ஈப்போவில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றே கிழவியானவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கென்று இருந்தது ஒரே அக்கா, ஹெலன். கல்லூரிப் படிப்புக்காகத் தாம்பரம் வந்தவள், கூடப் படித்த தேவராஜைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். இரும்புலியூரில் வீடு, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அந்த மைனர் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். அத்தானுக்குக் கார் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இருந்ததில்லை.

அக்கா இறந்தபோது எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. விமானத்தில் ஏறினால் பார்வை போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடக்க ஆராதனையை ஒற்றைக் கண்ணால் போனில் பார்த்தேன். பாதியில் நெட் போய்விட்டது. அவள் கல்லறையை நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் அவள் காரிலேயே போய் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் அத்தான் போன் செய்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ரூத், ஹெலன் வண்டியை எப்படியாவது ஓட வைக்கணும். பம்ப் போயிடுச்சு. இங்க ஒருத்தனுக்கும் அதைப் பத்தித் தெரியலை. நீ வந்தாதான் ஆகும்," என்றார். வருஷம் மூன்றாகியும் மனுஷன் அவளை மறக்கவில்லையே என்று நினைத்தேன். கடையில் இருந்த சீனப் பையனிடம்கூடச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பம்ப் தேர்ந்தெடுப்பது என் தொழில். ஆனாலும் அந்த ஒரு பம்ப்புக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மைனரின் கார்பரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தால் போதும். இந்தக் காலத்து வண்டிகளின் பம்ப்பை மாட்டினால் வேகம் தாங்காமல் வழிந்து ஊற்றும். சின்னச் சதுர டப்பா மாதிரி மலிவான பம்ப் ஒன்று வருகிறது. வேலை செய்யும், ஆனால் அக்கா காரில் அதை வைக்க எனக்கு மனசில்லை. இந்தியாவில் இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பரெல்லாம் அதில் ஊறின அப்பளமாகிவிடும். அதையும் தாங்குகிற ரப்பராக வேண்டும். பழைய பம்ப்பின் அதே உருவம், உள்ளே மட்டும் புது எலக்ட்ரானிக் சாமான் என்று ஒரு ரகம் கிடைத்தது.

இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. இந்தக் கார்களில் சிலவற்றுக்கு பேட்டரியின் பிளஸ் முனையை பாடியில் கொடுத்திருப்பார்கள், சிலவற்றுக்கு மைனஸ். தெரியாமல் மாட்டினால் புது பம்ப் நொடியில் கருகிவிடும். பேட்டரியை போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று அத்தானிடம் கேட்டேன். கார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு தான் நிற்கும் படத்தை அனுப்பினார். முடிக்குச் சாயம் அடித்திருந்தார், நன்றாகத்தான் இருந்தது. பிறகு அக்கா மகள் ஷரோன் ஒரு படம் அனுப்பினாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. அதைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டார்களாம். போங்கள் என்று விட்டுவிட்டு, பிளஸ் மைனஸ் எப்படிக் கொடுத்தாலும் கருகாத ரகமாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு ஷரோன் வருவதாகச் சொல்லியிருந்தாள். சிறுசேரியில் ஏதோ கம்பெனியில் வேலை, திடீரென்று மீட்டிங், "சாரி சித்தி, ட்ரெயின் ஈஸி" என்று மெசேஜ் வந்தது. ஈஸிதான். திரிசூலத்தில் ஏறினேன், எதிர்த் திசையில். கிண்டி வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாள், "தாம்பரமா? நீங்க பீச்சுக்கில்ல போறீங்க" என்று சொல்லி, பெட்டியையும் என்னையும் சேர்த்து இறக்கிவிட்டாள். எங்கள் ஊரில் ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று மூன்று மொழியில் சொல்லுவார்கள். இங்கே மனிதர்கள் சொல்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஹாலில் அக்கா படம் இல்லை. "பெயின்ட் அடிச்சப்ப எறக்கினது. உள் ரூம்ல பத்திரமா இருக்கு," என்றார் அத்தான். உள்ளே போய்ப் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருந்தது. புதுத் திரைச்சீலைகள், புதுக் கட்டில். மனுஷன் இத்தனை வருஷம் கழித்தாவது வீட்டைக் கவனிக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு டிபன் கேரியரில் வந்தது. இடியாப்பம், வஞ்சிர மீன் குழம்பு. அப்படியொரு குழம்பை நான் ஈப்போவில் கண்டதில்லை. புளி அளவாக, தேங்காய் நைஸாக, மீன் உடையாமல். யார் செய்தது என்று கேட்டேன். "சபையில ஒருத்தங்க குடுத்தனுப்பறாங்க," என்று அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்களிடம் பக்குவம் கேட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள் என்றேன். ஷரோனுக்குப் புரையேறியது.

மறுநாள் மெக்கானிக் பாபு வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பட்டறை வைத்திருப்பவர். என் பம்ப்பைக் கையில் வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிறவர்கள் செய்வார்களே, அந்த மாதிரி.

"இன்னா மேடம், இத்த எடுத்துகினு ஃப்ளைட்டு ஏறி வந்தீங்களா? என்கிட்ட சொல்லியிருந்தா புது வண்டி பம்ப்பு ஒண்ணு மாட்டியிருப்பேன். சும்மா ஃபோர்ஸா அடிக்கும்."

"ஃபோர்ஸா அடிச்சா கார்பரேட்டர் வழியும். வழிஞ்சா சூட்டுல தீப்பிடிக்கும். பரவாயில்லையா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம். பம்ப்பே இன்னாத்துக்குன்றேன்? பாட்டில் கீது."

பாட்டில் என்று அவர் சொன்னது நிஜமாகவே ஒரு தண்ணீர் பாட்டில். அதில் பெட்ரோலை நிரப்பி, பானெட்டுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, ஒரு டியூபைக் கார்பரேட்டருக்குள் விட்டுவிடுவார்களாம். மேலிருந்து கீழே தானாக இறங்கும், வண்டி ஓடும். "உங்க அக்காவே ஒருவாட்டி என் பாட்டில்லதான் ஸ்கூலாண்ட போனாங்க. கூட வர்ற டீச்சரம்மா ஜன்னல் வழியா பாட்டிலப் புடிச்சுகினே வந்தாங்க," என்று சிரித்தார். அந்த டீச்சரம்மா யார் என்று கேட்கத் தோன்றவில்லை. பாட்டிலில்தான் கவனம் இருந்தது.

பெட்ரோல் ஹோஸ் நல்லது கூடுவாஞ்சேரியில் கிடைக்கும் என்றார் பாபு. பாதி நாள் அதற்கே போயிற்று. ரயிலில் இரண்டு பெண்கள் மனை வாங்கிய கதை பேசிக்கொண்டு வந்தார்கள். "ஸ்டேஷனுக்குப் பக்கத்துலன்னு சொன்னான்க்கா. போய்ப் பாத்தா அங்கேருந்து ஸ்டேஷனுக்கு பஸ் கெடையாது." "ரோடாவது கீதா?" "மழை பேஞ்சா படகு வுடலாம்." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடுவாஞ்சேரிக் கடைக்காரர் முதலில் தண்ணீர் டியூபை எடுத்துக் கொடுத்தார். எத்தனால் தாங்குகிற ஹோஸ் வேண்டும் என்றேன். "எல்லாம் தாங்கும்மா," என்றார். ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டியபிறகு உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒருவர் மீன்கூடையை வைத்துவிட்டு, இறங்கும்வரை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து வேலை. பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து மீட்டேன். அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்ட் போய், ஃபேன் நின்று, அத்தான் முகம் சுண்டியது. பழைய பம்ப்பைக் கழற்றினால் உள்ளே ரப்பர் கூழாகியிருந்தது. டாங்க்கை இறக்கிக் கழுவினோம். ஒரு டம்ளர் துரு வந்தது. டாங்க்கிலிருந்து வரும் குழாயைப் பம்ப்பின் கீழ் மூக்கிலும், கார்பரேட்டருக்குப் போவதை மேல் மூக்கிலும் மாட்ட வேண்டும். பாபு தலைகீழாக மாட்டிவிட்டு, "ரெண்டும் ஓட்டைதானே மேடம்," என்றார். கழற்றி மாட்டினேன். நடுவில் ஒரு ஃபில்டர் வைத்தேன். கையெல்லாம் கிரீஸ், பசி வேறு. கேரியரில் வந்த எலுமிச்சை சாதத்தை அத்தான்தான் ஸ்பூனால் ஊட்டிவிட்டார். அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று அந்த நிமிஷம் மனசு நிறைந்தது. அதை நினைத்தால் இப்போது எரிகிறது.

சாவியைத் திருகினேன். டிக் டிக் டிக் என்று பம்ப் அடிக்க ஆரம்பித்தது. இந்த ரகப் பம்ப் கார்பரேட்டர் நிறையும்வரை வேகமாக அடித்து, நிறைந்ததும் தானாக நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. எஞ்சின் உறுமி ஸ்டார்ட் ஆனது, ஷரோன் கைதட்டினாள், அதற்குள் பெட்ரோல் கார்பரேட்டர் ஓரமாக வழியத் தொடங்கியது. அணைத்துவிட்டேன். பம்ப்பில் குற்றமில்லை. கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கிற ஊசி அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்துத் துடைத்தால் சரியாகிவிடும். இருட்டிவிட்டதால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். "திங்கக்கிழமை கண்டிப்பா ஆயிடுமில்ல?" என்று அத்தான் மூன்று முறை கேட்டார். என்ன அவசரம் என்றேன். "இல்ல, சும்மாதான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். இங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருகிறார்கள். எங்கள் ஊர்ச் சபையில் அந்த வழக்கம் போய் நாளாயிற்று. நான் ஷரோன் பக்கத்தில் இருந்தேன். பாட்டு முடிந்து, அறிவிப்புகள் வந்தன. பெண்கள் ஐக்கியக் கூட்டம், தண்ணீர் டாங்க் பழுது, அப்புறம் கல்யாண ஓலை. யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அது கட்டாயம். ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"இந்தச் சபையைச் சேர்ந்தவரும் மனைவியை இழந்தவருமான ஜான் தேவராஜ் அவர்களுக்கும், இதே சபையைச் சேர்ந்த கன்னிகையாகிய கிரேஸ் அவர்களுக்கும் வருகிற வியாழக்கிழமை விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இதற்குத் தடை ஏதும் எவருக்காவது தெரிந்தால் இப்போதே அறிவிக்க வேண்டும். இது மூன்றாம் ஓலை."

முதலில் எனக்கு வேறு தேவராஜ் என்றுதான் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் அத்தான் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஷரோன் என் கையை இறுகப் பிடித்தாள். "சித்தி, ப்ளீஸ். இங்க வேணாம்." மூன்றாம் ஓலை. அப்படியென்றால் முதல் ஓலை, இரண்டாம் ஓலை எல்லாம் இந்தச் சபையே கேட்டாகிவிட்டது. தண்ணீர் டாங்க் ரிப்பேர்காரருக்குக்கூடத் தெரியும். ஈப்போவில் நான் ரப்பர் எத்தனால் தாங்குமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய வாரங்களில் இங்கே ஓலை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தடை இருந்தால் சொல்லலாமாம். என்ன தடை சொல்ல? பெண்டாட்டி செத்தவன் மறுபடி கட்டிக்கொள்வதற்கு வேதத்திலும் தடையில்லை, சட்டத்திலும் இல்லை. இந்த வயதில் ஒரு மனுஷன் தனியாகக் கிடந்து கஷ்டப்படட்டும் என்று நினைக்கிறவள் இல்லை நான். என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் என் கோபம். அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களே என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஷரோன்தான் பேசினாள். "நான்தான் சித்தி அப்பாகிட்ட சொன்னேன், கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு. எனக்கும் அடுத்த வருஷம் பெங்களூர் போகணும். அப்பா தனியா இருப்பாரு. கிரேஸ் டீச்சர் அம்மாவோட ஃப்ரெண்டு. ரெண்டு பேரும் ஒண்ணாதான் அந்தக் கார்ல ஸ்கூலுக்குப் போவாங்க. கல்யாணத்துக்கு அந்தக் கார்லதான் வரணும்னு டீச்சருக்கு ஆசை. அம்மாவும் கூட இருக்கற மாதிரி இருக்குமாம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருக்க மாட்டேன்தான். பம்ப்பை மட்டும் அனுப்பியிருப்பேன்."

அதுவரை வாசலில் நின்றிருந்த அத்தான் அப்போது வாயைத் திறந்தார். "அனுப்பினா மட்டும் போதுமா ரூத்? மாட்டறதுக்கு ஆள் வேணாமா?" சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கறிவேப்பிலை என்று சொல்லுவார்களே, அது நான்தான். என்னால் சிரிக்கவும் முடியவில்லை. மத்தியானம் கேரியரில் மட்டன் குழம்பு வந்தது. யார் சமைத்தது என்று இந்தமுறை கேட்கத் தேவையில்லை. பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து கார்பரேட்டரைப் பிரித்தேன். ஏன் பிரித்தாய் என்று ஈப்போவில் எல்லோரும் கேட்டார்கள். அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கலாம், பாபு பாட்டிலைக் கட்டி மணப்பெண்ணை அனுப்பியிருப்பார். ஆனால் பெட்ரோல் வழிகிற எஞ்சினை அரைகுறையாக விட்டுவிட்டு வர என் கைக்குத் தெரியாது. கோபம் வேறு, வேலை வேறு. ஊசியைத் துடைத்து, அது உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினேன். சாவியைத் திருகினேன். டிக் டிக் டிக் என்று அடித்து, நிறைந்ததும் நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். வண்டி அக்கா ஓட்டின மாதிரியே ஓடியது.

கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்ப வாசலில் காரை ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருந்தபோது அந்தம்மா வந்தாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் பூப்பொட்டலம், என் வயதுதான் இருக்கும். "நான் கிரேஸ்," என்றாள். அவளாகவே பேசினாள். "ஓலை வாசிக்க ஆரம்பிச்சதுலேருந்து ஹெலன்கிட்ட போகவே தைரியம் வரலைங்க. நீங்க போறீங்கன்னு ஷரோன் சொன்னா. நானும் கூட வரட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இடதுபக்கம் போனாள். அந்தக் கதவு சாதாரணமாகத் திறக்காது. நான் மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டி முடியாமல் விட்டிருந்தேன். அவள் கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, இடுப்பால் லேசாகத் தள்ளி இழுத்தாள். திறந்துகொண்டது. உட்கார்ந்து புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். எத்தனை வருஷத்துப் பழக்கம். இந்தக் காரில் என் அக்காவோடு நான் போனது ஐந்தாறு தடவைதான் இருக்கும். அவளோ தினமும் போயிருக்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பெட்ரோல் பத்தாது டீச்சர்," என்றேன். "ரெண்டு பேர் போனா திரும்ப முடியாது. இறங்கிக்குங்க."

எங்கள் இருவருக்கும் நேர் எதிரே பெட்ரோல் முள் முழுசாக மேலே நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இறங்கி, பூப்பொட்டலத்தை சீட்டில் வைத்து, "இதை மட்டும் வெச்சிடுங்க," என்று சொல்லிக் கதவை அதே மாதிரி தூக்கிச் சாத்தினாள்.

கல்லறைத் தோட்டத்தில் அக்காவைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. கல்லில் அவள் பேர் இருந்தது, தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். வெயில் ஏறியிருந்தது. வாசலில் நிறுத்தியிருந்த காரைக் கைகாட்டி, உன் வண்டியிலதான் வந்திருக்கேன், பம்ப் நான் போட்டது என்று சொன்னேன். அழுதேன். பூவைப் பிரித்துக் கல்லின்மேல் வைத்தேன். யார் கொடுத்தது என்று அக்காவிடம் சொல்லவில்லை.